அடுத்த செவ்வாய் கொழும்பில் இன்டர்வியூ. நினைத்தாலே கை நடுங்குகிறது, என்ன செய்யலாம்?

தம்பலகாமம்காரி (ஞாயிறு, இரவு 9.12)

எல்லோருக்கும் வணக்கம். கனகாலமாக இங்கே வாசித்துவிட்டுப் போகிற ஆள் நான். எழுதுவது இதுதான் முதல் தடவை.

நாளை மறுநாள் வருகிற செவ்வாய் இல்லை, அதற்கு அடுத்த செவ்வாய் காலை 10 மணிக்குக் கொழும்பில் ஒரு நேர்முகப் பரீட்சை. தனியார் கம்பெனி, கணக்குப் பிரிவு. ஈமெயில் வந்த நாளிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது.

காரணம் இருக்கிறது. எட்டு மாதத்துக்கு முன்னர் திருகோணமலை டவுனிலேயே ஓரிடத்தில் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். பெயரைச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு சொல் வரவில்லை, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சமாளிப்போம் என்று முன்னால் இருந்த தண்ணீர்க் கிளாஸை எடுத்தேன். கை நடுங்கி, பாதித் தண்ணீர் என் சான்றிதழ்க் கோப்பில் ஊற்றுப்பட்டது. ஐந்து நிமிடத்தில் "சரி, நாங்கள் அறிவிக்கிறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். அறிவிக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

வேலை தெரியாது என்றில்லை. கோணேசபுரி வளாகத்தில் பட்டம் முடித்து, ஒன்றரை வருடமாக ஓர் அரிசி ஆலையில் தனியாகக் கணக்குப் பார்க்கிறேன். ஆட்களுக்கு முன்னால் இருத்தினால்தான் எல்லாம் மறந்து போகிறது. இந்தப் பயத்தை எப்படி இல்லாமல் செய்வது?

கொட்டியாரக் காற்று (ஞாயிறு, இரவு 9.30)

பத்திரகாளி அம்மனுக்கு ஓர் அர்ச்சனை செய்துவிட்டு பஸ் ஏறுங்கள். மிச்சத்தை அவ பார்த்துக்கொள்வா.

டச்சுபே ஜிம் (ஞாயிறு, இரவு 9.41)

அர்ச்சனையும் செய்யுங்கள், கூடவே இதையும் செய்யுங்கள். உள்ளே போக முதல் பாத்ரூமுக்குள் போய் இரண்டு நிமிடம் இடுப்பில் கை வைத்து நெஞ்சை நிமிர்த்தி நில்லுங்கள். உடம்பில் ஹோர்மோனே மாறும், பயம் ஓடிவிடும். இது ஆராய்ச்சியில் நிரூபித்த விஷயம்.

லிங்கநகர் வாசகி (ஞாயிறு, இரவு 10.20)

நிரூபித்தது என்று அடித்துச் சொல்ல முடியாது தம்பி. அந்த ஆராய்ச்சி 2010இல் வந்தது, எமி கடியும் வேறு இருவரும் செய்தது. பங்குபற்றியவர்கள் 42 பேர்தான். 2015இல் வேறொரு குழு 200 பேரை வைத்துத் திரும்பச் செய்து பார்த்தது. ஹோர்மோன் மாற்றம் எதுவும் கிடைக்கவில்லை. 2010இல் எழுதிய மூவரில் ஒருவரான டேனா கார்னியே 2016இல் தனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று பகிரங்கமாக எழுதிவிட்டார். அப்படி நின்றவர்கள் கொஞ்சம் தைரியமாக உணர்ந்ததாகச் சொன்னார்கள், அது மட்டும் உண்மை. நிற்பதால் நட்டமில்லை. ஆனால் அதையே நம்பிப் போகவேண்டாம்.

தங்கச்சிக்கு உதவக்கூடியது வேறொன்று இருக்கிறது. 2014இல் அலிசன் வுட் புரூக்ஸ் என்பவர் சிலரைப் பாட்டுப் பாட, மேடையில் பேச, கணக்குச் செய்ய வைத்துப் பார்த்தார். தொடங்க முதல் ஒரு பகுதியினரை "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லச் சொன்னார், இன்னொரு பகுதியினரை "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லச் சொன்னார். உற்சாகம் என்றவர்கள்தான் நன்றாகச் செய்தார்கள். யோசித்தால் விளங்கும். பயத்திலும் நெஞ்சு அடிக்கும், திருவிழாவுக்கு வெளிக்கிடும்போதும் நெஞ்சு அடிக்கும். அடிக்கிற நெஞ்சை அடக்கு என்றால் அது கேட்காது. அடிப்பதற்கு வேறொரு பெயர் வைத்தால் கேட்கும் போலிருக்கிறது.

வெறுத்துப்போனவன் (ஞாயிறு, இரவு 11.05)

மூச்சு, மந்திரம், ஆராய்ச்சி எல்லாம் வீண். ஆளைத் தெரிந்தால் வேலை, தெரியாவிட்டால் வீடு. நான் ஏழு இடம் போய் வந்தவன். எல்லா இடத்திலும் முதலே ஆளை எடுத்து வைத்துவிட்டுத்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள்.

ஓய்வுக்காரன் (திங்கள், காலை 5.48)

விடியக் காலை நித்திரை வராத வயது எனக்கு, அதனால் நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெறுத்துப்போனவர் சொல்வது சில இடங்களில் நடக்கிறதுதான், இல்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் எல்லா இடத்துக்கும் அதுவே கதை என்றால் நான் இருந்த இன்டர்வியூ போர்டுகளில் நாங்கள் எதற்குப் பின்னேரம் வரை குந்தியிருந்தோம்?

அரச கந்தோர் ஒன்றில் 31 வருடம். கடைசிக் காலத்தில் நேர்முகப் பரீட்சைச் சபைகளில் இருத்தினார்கள். பிள்ளை, மேசைக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பதினொரு மணியாகும்போது பத்துப் பன்னிரண்டு பேரைப் பார்த்து முடித்திருப்போம். மின்விசிறி கடகடவென்று சத்தம் போடும். ஒருவருக்குப் பசி, ஒருவருக்கு முதுகு நோவு. என் கண் பாதி நேரம் புள்ளித் தாளில்தான் இருக்கும். நீர் மேசைக்குக் கீழே கையைப் பிசைவதை யார் கண்டது? உமது நெஞ்சு இடிக்கிற சத்தம் உமக்குத்தான் கோணேசர் கோவில் மணி மாதிரிக் கேட்கும். எங்களுக்கு மின்விசிறிச் சத்தம்தான்.

குரல் முதல் இரண்டு நிமிடம் நடுங்கும். வந்த அத்தனை பேருக்கும் நடுங்கியது. அதற்குப் புள்ளி வெட்டியதாக எனக்கு நினைவில்லை. வெட்டியது எதற்கு என்றால், கேட்டதை விட்டு வேறெதையோ சொல்வதற்கு, மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதற்கு, தெரியாததைத் தெரிந்த மாதிரி அளப்பதற்கு. ஒப்பிக்கிறவர்களை முதல் வாக்கியத்திலேயே பிடித்துவிடலாம். கண் மேலே போகும்.

ஒரு பெண் வந்தார். இருந்தவுடன், "சேர், எனக்குக் கொஞ்சம் பதட்டமாக இருக்கிறது, அரை நிமிடம் தருவீர்களா?" என்று கேட்டுவிட்டார். கேட்டதும் எங்கள் தலைவர் சிரித்துக்கொண்டு தண்ணீரைத் தள்ளி வைத்தார். அதற்குப் பிறகு அந்த அறையே இளகிவிட்டது. அன்று நான் போட்ட நல்ல புள்ளிகளில் ஒன்று அவருக்கு.

உமக்கு ஒரு வேலை தருகிறேன். அந்த அரிசி ஆலையில் நீர் செய்த காரியங்களில் மூன்றை எடும். ஒரு பிழையைக் கண்டுபிடித்தது, ஒரு சண்டையைத் தீர்த்தது, ஒன்றைப் புதிதாகப் பழகியது. ஒவ்வொன்றையும் என்ன நடந்தது, நான் என்ன செய்தேன், என்ன ஆனது என்ற ஒழுங்கில் வாயால் சொல்லிப் பாரும். எழுதிப் பாடமாக்க வேண்டாம். பாடமாக்குவது முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும். அந்த இரண்டும் தடையில்லாமல் வந்தால் மூன்றாவது தானாக வரும்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று. அரச வேலைக்குப் போகிறவர்கள் வர்த்தமானியை வடிவாகப் பாருங்கள். "பொது நேர்முகப் பரீட்சை" என்றிருந்தால் அதற்குப் புள்ளியே இல்லை, தகைமையையும் மூலச் சான்றிதழ்களையும் சரிபார்ப்பதோடு சரி. "கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை" என்றால்தான் புள்ளித் திட்டம். புள்ளியில்லாத ஒன்றுக்கு இரண்டு கிழமை சாப்பிடாமல் கிடந்த பெடியன்களை எனக்குத் தெரியும்.

லிங்கநகர் வாசகி (திங்கள், காலை 8.15)

ஐயா சொன்ன மின்விசிறிக் கதைக்கும் ஆராய்ச்சி உண்டு, இதை நான் நம்புகிறேன். நம் மனதில் இருப்பது முகத்தில் அப்படியே தெரிகிறது என்று நாம் மிகையாக நினைக்கிறோம் என 1998இல் கிலோவிச் குழுவினர் காட்டினார்கள். 2003இல் சாவிட்ஸ்கியும் கிலோவிச்சும் ஒரு படி மேலே போனார்கள். பேசப் போகிறவர்களில் சிலருக்கு இந்த உண்மையை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், "உங்கள் பதட்டம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு வெளியே தெரியாது" என்று. அதைக் கேட்டுவிட்டுப் பேசியவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். கேட்டிருந்தவர்களும் அப்படித்தான் மதிப்பிட்டார்கள்.

தம்பலகாமம்காரி (திங்கள், இரவு 8.50)

ஐயா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. மின்விசிறியை நினைத்து மத்தியானம் முழுக்கச் சிரித்தேன். ஆனால் என் தண்ணீர்க் கிளாஸை அவர்கள் கண்டார்கள்தானே! அதை என்ன செய்வது?

இன்னும் இரண்டு கேள்வி. என்னோடு படித்த பிள்ளை ஒருத்தி நடுக்கத்துக்கு ஒரு குளிசை இருக்கிறது, ப்ரோப்ரனலோல் என்று, தன் மாமாவிடம் இருக்கிறது, தருகிறேன் என்கிறாள். போடலாமா? அடுத்தது, இடையில் சிங்களத்தில் கேட்டால் நான் தொலைந்தேன். விளங்கும், வாயில் வராது.

வார்ட்டு அக்கா (திங்கள், இரவு 9.33)

குளிசையை மாமாவிடமே விட்டுவிடுங்கள். அது இதயத் துடிப்பைக் குறைக்கிற மருந்து, டொக்டர் எழுதித் தர வேண்டியது. இழுப்பு, அதுதான் ஆஸ்துமா, இருக்கிறவர்களுக்கு ஆபத்து. நீரிழிவுக்கு ஊசி போடுகிறவர்களுக்குச் சீனி இறங்குகிற அறிகுறியையே மறைத்துவிடும். இதெல்லாம் இல்லாத ஆளுக்கும் பிரஷர் இறங்கித் தலை சுற்றலாம். அதை முதல் தடவையாக இன்டர்வியூ அறையிலா சோதித்துப் பார்ப்பது? மெய்யாகவே தேவை என்று நினைத்தால் டொக்டரிடம் போய்க் கேளுங்கள், வெட்கமில்லை.

இலவசமாக ஒன்று தருகிறேன். மூச்சை உள்ளே இழுத்தால் துடிப்பு சற்றுக் கூடும், வெளியே விட்டால் குறையும். அதனால் வெளியே விடுவதை நீளமாக்குங்கள். மூக்கால் ஒரு தடவை இழுத்து, அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் இழுத்து, பிறகு வாயால் மெதுவாக, ஆறுதலாக விடுவது. 2023இல் ஸ்டான்போர்டில் நாளுக்கு ஐந்து நிமிடம் ஒரு மாதம் இதைச் செய்ய வைத்துப் பார்த்தார்கள், மனநிலை நன்றாகத் தெளிந்தது. இன்றே தொடங்குங்கள். வாசலில் வைத்துப் பழகாதீர்கள், தலை சுற்றும்.

அன்று காலை இரண்டு மூன்று பிளேன்டீ அடிக்க வேண்டாம். ஏற்கனவே அடிக்கிற நெஞ்சுக்கு அது உறைப்பு. இரண்டு இடியப்பமாவது சாப்பிடுங்கள், வெறும் வயிற்றில் போனால் நடுக்கம் பயத்தாலா பசியாலா என்று உங்களுக்கே தெரியாது.

கிண்ணியா உம்மா (திங்கள், இரவு 10.10)

மகள், எனக்கு நடந்ததைச் சொல்லட்டுமா? 2009இல்தான் எங்களுக்குப் பாலம் வந்தது. அதற்கு முதல் டவுனுக்கு வர வேண்டும் என்றால் பாதையில்தான், அதாவது ஆட்களை ஏற்றிக் கடக்கிற படகில்தான், ஏற வேண்டும். ஆசிரியர் வேலைக்கு நேர்முகப் பரீட்சை, அன்றைக்குப் பார்த்துப் பாதை பிந்திவிட்டது. வாப்பா அந்தக் கரையில் நின்று கத்துகிறார், நான் இந்தக் கரையில் கோப்பைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். ஓட்டோ பிடித்து ஓடிப் போய்க் கதவைத் திறந்தால் என் பெயரைக் கூப்பிட்டு முடித்து அடுத்த பெயரைக் கூப்பிடுகிறார்கள். அப்படியே போய்க் கதிரையில் விழுந்தேன். பயப்பட எனக்கு நேரமே கிடைக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டே மறுமொழி சொன்னேன்.

இரண்டாவது தடவை, வேறொரு பதவிக்கு, புத்திசாலித்தனமாக இரண்டரை மணித்தியாலம் முன்னுக்குப் போய் வாங்கில் இருந்தேன். பக்கத்தில் ஒருத்தி, "எவ்வளவு கஷ்டமாம் தெரியுமா, போன தடவை ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்ததாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். உள்ளே போகும்போது என் கால் என்னுடையதாக இல்லை.

பிந்திப் போ என்று சொல்லவில்லை. கட்டடத்துக்குப் பக்கத்தில் போய் எங்காவது இருந்துவிட்டு, கால் மணி இருக்கையில் உள்ளே போ. அந்த வாங்கில் இருக்காதே. இருந்தாலும் பக்கத்து ஆளோடு கதைக்காதே.

டச்சுபே ஜிம் (திங்கள், இரவு 10.25)

கிண்ணியா உம்மாவின் கதைதான் இந்த இழையிலேயே சூப்பர். எல்லோரும் ஓடிப்போய் இன்டர்வியூவுக்குப் போங்கள், கார்டியோவும் ஆச்சு.

கந்தளாய் 40 (செவ்வாய், காலை 6.20)

எப்படிப் போகப் போகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லையே! இரவு ரயிலில் ஏறி விடியாத நேரத்தில் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கி, அங்கேயே முகம் கழுவி, கசங்கிய உடுப்போடு போகிற திட்டம் என்றால் வேண்டாம். தண்டவாளத்தில் யானை நின்றால் உங்கள் பத்து மணி அவ்வளவுதான். முதல் நாள் பகல் பஸ்ஸில் போங்கள்.

கொட்டியாரக் காற்று (செவ்வாய், காலை 7.02)

பஸ்ஸில் 260 கிலோமீற்றர் குந்தியிருந்து போனால் மட்டும் உடுப்புக் கசங்காதா? ரயில்தான் வசதி. நான் பத்து வருடமாகப் போய் வருகிறேன், யானையால் பிந்தியது இரண்டு தடவைதான்.

கந்தளாய் 40 (செவ்வாய், காலை 7.10)

அந்த இரண்டில் ஒன்று இன்டர்வியூ நாளாக இருந்தால்?

தம்பலகாமம்காரி (செவ்வாய், இரவு 9.00)

சண்டை வேண்டாம். வெள்ளவத்தையில் பெரியம்மா இருக்கிறா. திங்கள் பகலே போய்விடுவேன். பின்னேரம் அந்தக் கட்டடத்தை வெளியே நின்று பார்த்துவிட்டும் வருவேன்.

கோட்டை மான் (செவ்வாய், இரவு 9.47)

சிங்களம் பற்றிய கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், இதே நோயில் கிடந்தவன். விளங்குகிறது, ஆங்கிலத்தில் பதில் சொல்லலாமா என்று கேட்க ஒரு சிங்கள வாக்கியம் பழகிக்கொள்ளுங்கள். "மட்ட தேரெனவா, இங்கிரீசியென் உத்தர தென்ன புளுவந்த?" அவ்வளவுதான். விளங்குகிறது என்று தெரிந்தால் பெரும்பாலானோர் சரி என்பார்கள். எனக்குச் சரி என்றார்கள்.

வாய் திறந்து பழகுவதற்கு என் வழி கொஞ்சம் விசர்த்தனமானது. பின்னேரத்தில் பிரெட்ரிக் கோட்டை வாசலால் உள்ளே போய் கோணேசர் கோவில் மேட்டுக்கு நடப்பேன். வழியில் மான்கள் நிற்கும். அவற்றுக்கு முன்னால் நின்று என்னைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்வேன். மான் தலையை நிமிர்த்திப் பார்க்கும், இது சாப்பாடு தருகிற ஆள் இல்லை என்று கண்டதும் திரும்ப மேயும். அதைவிட அக்கறையில்லாத போர்டை நான் பிறகு எங்கும் சந்திக்கவில்லை. ஒரு நாள் ஆமிக்காரர் ஒருவர் வந்து போனில் யாரோடு கதைக்கிறாய் என்று கேட்டார். அதுவும் ஒரு பயிற்சிதான்.

கண்ணாடிக்கு முன்னால் பழகாதீர்கள். கண்ணாடியில் நம் மூக்கைத்தான் பார்ப்போம். மனிசர் வேண்டும், இல்லாவிட்டால் மானாவது வேண்டும்.

ஓய்வுக்காரன் (புதன், காலை 5.30)

மானோடு மனிசரும் வேண்டும். பிள்ளை, வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்கு வீடியோ அழைப்புக்கு வாரும். லிங்கநகர் வாசகியும் இருப்பா, நேற்றே கேட்டுவிட்டேன். வேண்டுமென்றே கடுமையாகக் கேட்பேன், கோபிக்கக்கூடாது. மேசையில் தண்ணீர்க் கிளாஸ் ஒன்றை நிரப்பி வையும்.

தம்பலகாமம்காரி (வெள்ளி, இரவு 9.40)

முடிந்தது. ஐயா கேட்ட இரண்டாவது கேள்வியிலேயே அழுகை வந்துவிட்டது. மூன்றாவது சுற்றில் அலுப்பு வந்தது. அலுப்பு வந்ததும் குரல் நேராகிவிட்டது, ஏன் என்று தெரியவில்லை. தண்ணீர் குடித்தேன். சிந்தவில்லை.

தம்பலகாமம்காரி (புதன், மாலை 6.15)

நேற்றுப் போய் வந்தேன். எல்லோரும் கேட்டு எழுதியிருக்கிறீர்கள், ஒன்றாகச் சொல்கிறேன்.

அறையில் இரண்டு பேர், லாப்டொப் திரையில் மூன்றாவது ஆள். உள்ளே போகும்போது நெஞ்சு இடித்ததா என்றால் இடித்தது. போன தடவையைவிடக் குறைவு என்று சொல்ல மாட்டேன். இடிக்கட்டும், மின்விசிறி என்று நினைத்தேன். அங்கே ஏசி, மின்விசிறி இல்லை. அது வேறு சிரிப்பு.

முதல் இரண்டு வாக்கியங்களும் நடுங்கிக்கொண்டே வந்தன. மூன்றாவதில் திரையில் இருந்தவர் அப்படியே உறைந்துபோனார், வாய் பாதி திறந்தபடி. இணைப்பைச் சரிசெய்ய அவர்கள் அந்தரப்பட்டார்கள். ஒரு நிமிடம் அறையில் பதட்டமில்லாமல் இருந்த ஒரே ஆள் நான்தான்.

பிழை ஏதாவது கண்டுபிடித்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். பெரும்போக அறுவடை நேரத்தில் ஒரே காசோலை இரண்டு தடவை பதியப்பட்டதை வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பிடித்த கதையைச் சொன்னேன். அங்கிருந்த அம்மா நெல் கொள்வனவில் ஈரப்பதக் கழிவை எப்படிக் கணக்கெடுப்பீர்கள் என்று கேட்டா. 14 வீதத்துக்கு மேலே போனால் நாங்கள் எப்படிக் கழிக்கிறோம் என்று தாளை வாங்கிக் கீறிக் காட்டினேன். அந்தப் பத்து நிமிடமும் நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது.

அப்புறம் ஒரு சொதப்பல். வற் (VAT) வரி வீதம் கேட்டார்கள், வாயில் 15 என்று வந்துவிட்டது. 2024 ஜனவரியிலேயே 18 ஆகிவிட்டது, நானே மாதாமாதம் 18 போடுகிறவள்! லிப்டில் இறங்கும்போதுதான் உறைத்தது. சிங்களத்தில் கேட்கவே இல்லை, பழகிய வாக்கியம் வீண். இரண்டு கிழமையில் அறிவிப்பார்களாம்.

வெறுத்துப்போனவன் (புதன், மாலை 6.40)

சிங்கள வாக்கியத்தை எனக்குக் கடன் தாருங்கள். வியாழன் எட்டாவது இடம்.

ஓய்வுக்காரன் (புதன், மாலை 7.05)

வற் வீதத்தை இன்றிரவே நன்றி சொல்லி அனுப்புகிற ஈமெயிலில் ஒரு வரியில் திருத்திவிடும். வேறு விளக்கம் எழுத வேண்டாம். அது சரி, தண்ணீர் தந்தார்களா?

தம்பலகாமம்காரி (புதன், மாலை 7.20)

தந்தார்கள் ஐயா. இந்தத் தடவை மூடி போட்ட போத்தல். கை வியர்த்து மூடியைத் திறக்க முடியவில்லை. அந்த அம்மா வாங்கித் திறந்து தந்தா.